கெளுத்திக்கு வைத்த விருந்து

மீன்பிடிக்கிறவர்களிடம் போய் எந்த ஏரியில் மீன் நன்றாகக் கிடைக்கும் என்று கேட்பதும், பக்கத்து வீட்டுக்காரரிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதும் ஒன்றுதான். பதில் வரும். உண்மை வராது. அதிலும் கெளுத்தி பிடிக்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் தனி ஜாதி. மற்ற மீன்காரர்களாவது மழுப்புவார்கள். இவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கூசாமல் பொய் சொல்வார்கள்.

லிஃப்ட் பழுதுபார்க்கிற நம் லிஃப்ட்காரருக்கு இதெல்லாம் தெரியாது. அவர் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் லிஃப்ட்களோடு மட்டுமே மனம்விட்டுப் பழகியவர். ஒரு லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோனால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். கதவுப் பூட்டில் தூசி, கம்பியில் தேய்மானம், ஏதோ ஒன்று. காதை வைத்துக் கேட்டால் அதுவே சொல்லிவிடும். மனிதர்களும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு, தூண்டில் சாமான் விற்கும் கடைக்குப் போய் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும், "இந்த ஊர்ல கெளுத்தி எங்க கிடைக்கும்?" என்று கேட்டார். கடையில் நின்றிருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கடைக்காரர் பல்குத்தியை வாயின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மாற்றிவிட்டு, பூங்கா ஏரி என்றார். லிஃப்ட்காரர் நன்றி சொல்லிவிட்டு வந்தார். பாவம்.

அவருக்கு மீன் பிடிக்கத் தெரியாது. மீன் நாற்றமே ஆகாது. தேடல் எல்லாம் மாமியாருக்காக.

மாமியார் வேறொரு ஊரில், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாரமெல்லாம் கொதிக்கும் தொட்டிகளுக்கு நடுவே ஊரார் போர்வையை வெளுப்பார். விடுமுறை நாளானால் தூண்டில் கம்பைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போய்விடுவார். கணவர் இருந்த காலத்திலும் போனார், அவர் போய்ச் சேர்ந்த பிறகும் போனார். ஆற்றில் எந்த இடம் என்று பெற்ற மகளுக்குக்கூடச் சொன்னதில்லை. கேட்டால், "ஆத்துப் பக்கம்" என்பார். ஆறு என்றால் ஊர்க்கோடியிலிருந்து ஊர்க்கோடி வரை ஓடுகிறது, அதில் எங்கே என்று தேடுவது.

அந்த ஊரில் தனியாக இருந்தபோதுதான் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ராத்திரி முழுக்க ஈரத்தரையில் கிடந்து, குழாயில் குவளையால் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். விடிந்த பிறகுதான் கீழ்வீட்டுக்காரியின் காதில் விழுந்தது. ஆபரேஷன் முடிந்ததும் மகள் கையோடு அழைத்து வந்துவிட்டாள். மகள், அதாவது லிஃப்ட்காரரின் மனைவி, கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவள். கை நடுங்காத வேலை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவள் தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்து போனைத் தேட ஆரம்பித்தாள். அம்மா அடுத்த அறையில்தான் இருக்கிறாள் என்பது உறைத்த பிறகே திரும்பப் படுப்பாள். அம்மா இனி இங்கேயே இருந்துவிட வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டும். கெஞ்சினாள், கோபித்துக்கொண்டாள், சாப்பிடாமல் இருந்துகூடப் பார்த்தாள்.

மாமியார் மசியவில்லை. கடைசியில் ஒருநாள் சாப்பிடும்போது, தொல்லை தாங்காமல், ஒரு நிபந்தனை போட்டார்.

"இந்த ஊர்ல கெளுத்தி கிடைச்சா இருக்கேன். இல்லைன்னா கால் சரியானதும் கிளம்பிடுவேன். சும்மா உக்காந்து சுவத்தப் பாத்துக்கிட்டு இருக்க என்னால ஆகாது."

மகளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெற்ற மகளைவிட மீசை வைத்த ஒரு மீன் பெரிதாகப் போய்விட்டதா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். லிஃப்ட்காரர் மட்டும் தட்டைப் பார்த்தபடி தலையாட்டினார். அவர் தொழிலில் நிபந்தனை என்றால் நிபந்தனைதான். இத்தனை பேர், இத்தனை எடை என்று எழுதியிருந்தால் அதற்குள் இருக்க வேண்டும், அவ்வளவே. கெளுத்தி வேண்டும் என்கிறார், கெளுத்தி இருக்கும் தண்ணீரைக் கண்டுபிடித்துவிட்டால் தீர்ந்தது என்று எடுத்துக்கொண்டார்.

மாமியாருக்கும் மருமகனுக்கும் நடுவே சண்டை ஏதும் கிடையாது. பேச்சும் கிடையாது. "சாப்பிட்டீங்களா அத்தை" என்று அவர் கேட்பார், "ஆச்சு மாப்பிள்ளை" என்று இவர் சொல்வார், அதோடு அன்றைய கணக்கு முடிந்தது. இருவரும் ஒரே அறையில் இருக்க நேர்ந்தால் ஒருவர் எழுந்து ஜன்னலைத் திறப்பார், இன்னொருவர் கொஞ்ச நேரம் கழித்து எழுந்து மூடுவார்.

பூங்கா ஏரிக்குத்தான் முதலில் போனார்கள். அங்கே மிதி படகுகளும் வாத்துகளும் பலூன் விற்கிறவரும் இருந்தார்கள். மாமியார் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மருமகன் முகத்துக்காகத் தூண்டிலைப் போட்டார். ரொம்ப நேரம் கழித்து விரல் நீளத்தில் ஒரு பொடிமீன் வந்தது. அதை முள்ளிலிருந்து பதமாகக் கழற்றி, "போ, வீட்ல தேடுவாங்க" என்று சொல்லி விட்டுவிட்டார்.

அடுத்த வாரம் ரயில் பாலத்துக்கடியில் ஓடும் ஆறு. லிஃப்ட்காரருடன் வேலை பார்க்கும் ஒருவர், தூண்டிலும் கையுமாக அலைகிறவர், சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்ன இடம். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, அடியில் கூழாங்கல் தெரிந்தது, சலசலவென்று ஓடியது. லிஃப்ட்காரருக்கு ஒரே பெருமை. மாமியார் காரை விட்டே இறங்கவில்லை.

"இது குளிக்கிற தண்ணி மாப்பிள்ளை. கெளுத்தி இங்க குடித்தனம் பண்ணாது. அதுக்குச் சேறு வேணும், ஆழம் வேணும், இருட்டு வேணும். நம்மள மாதிரி இல்ல, அதுக்கு அழுக்குதான் சௌகரியம்."

கல்யாணமான நாளிலிருந்து மாமியார் அவரிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுவே முதல் தடவை. வழியெல்லாம் லிஃப்ட்காரர் அதை மனத்துக்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டே வண்டியை ஓட்டினார். சேறு, ஆழம், இருட்டு.

நடுவில் வாரத்தில் ஒருநாள் மாமியாரைக் கால் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. மாமியார் உள்ளே போய்ப் பயிற்சி செய்வார். இவர் வெளியே, சுவரை ஒட்டிப் போட்ட பெஞ்சில் சாய்ந்துகொண்டு, போனில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, நீலமாகத் தெரிவதையெல்லாம் ஆராய்வார். அதில் பாதி நீச்சல்குளமாக இருக்கும். ஒரு நீலம் ஏதோ ஒரு தொழிற்சாலையின் கூரையாக இருந்தது. அதையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

கடைசியில் கெளுத்தி தானாக வந்து மாட்டியது என்றுதான் சொல்ல வேண்டும். குடிநீர் ஏற்றும் நிலையத்தில் சரக்கு லிஃப்ட் மக்கர் பண்ணுகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு பின்பக்கம் போனால், பழைய ஏரி ஒன்று. கலங்கல் தண்ணீர். மதகுக்குப் பக்கத்தில் ஆழம் என்று காவலாளி சொன்னார். காவலாளி தூண்டில் தொடாதவர், அதனால் உண்மையைச் சொன்னார்: மதகடியில் மீசைமீன் கிடக்கிறது, சில நாள் சாயங்காலம் வாயைத் திறந்துகொண்டு மேலே வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் இரண்டு கெளுத்தி பிடித்தார். இரண்டும் முழங்கை நீளம், வழவழவென்று கறுப்பு. முதல் மீன் இழுத்தபோது அவர் ஊன்றுகோலை எங்கோ எறிந்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார். கம்பு வில்லாக வளைகிறது, தூண்டில் நரம்பு கிர்ரென்று ஓடுகிறது, மாமியார் பல்லைக் கடித்துக்கொண்டு யாரையோ திட்டுகிறார், திட்டிக்கொண்டே சிரிக்கிறார். லிஃப்ட்காரர் அவருக்குப் பின்னால், விழுந்தால் பிடிக்கத் தோதாக, இரு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். இந்த முகத்தை இவர் பார்த்ததே இல்லை. இந்த அம்மாள் இந்த ஊரில் இருந்துவிட வேண்டும் என்று மனைவிக்காக இல்லாமல் தனக்காகவே அவர் விரும்பியது அப்போதுதான்.

சரி, அதோடு விட்டிருக்கலாம். விடுவாரா? ஒரு லிஃப்டைச் சரிபண்ணிவிட்டு மூன்று தடவை மேலும் கீழும் போய்ப் பார்க்கிற மனிதர். இரண்டு மீன் வந்தது அதிர்ஷ்டமாக இருந்தால்? அடுத்த வாரம் வராமல் போனால்? காவலாளியிடம் யோசனை கேட்டார். ஒரே இடத்தில் தினம் தீனி போட்டுப் பழக்கினால் மீன் அந்த இடத்தை விட்டு நகராது என்று யாரோ சொல்லக் கேள்வி என்றார் காவலாளி. அவ்வளவு போதும் நம் ஆளுக்கு. மறுநாளிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் கறிக்கடையில் கோழி ஈரல் வாங்கி, அந்த நிலையத்துச் சரக்கு லிஃப்ட் அறையில் வைத்து ஒரே அளவுத் துண்டுகளாக வெட்டி, மதகடியில் கொண்டுபோய்க் கொட்டினார். மீன் நாற்றம் ஆகாதவர், ஈரல் நாற்றத்தோடு லிஃப்ட் லிஃப்டாக ஏறி இறங்கினார். கூட வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு படியில் போனார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் கடிக்கவில்லை. தீனி போதவில்லை போலிருக்கிறது என்று இரட்டிப்பாக்கினார். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் தக்கை அசையவில்லை. ஈரலோடு கோழிக் குடலும் சேர்த்தார். மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை மதகடியில் தண்ணீர் அவ்வப்போது சோம்பலாகக் குமிழியிட்டதே தவிர, மாமியாரின் தூண்டிலை ஒரு கெளுத்திகூட எட்டிப் பார்க்கவில்லை. மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து தக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் பழையபடி மூடிக்கொண்டுவிட்டது.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது மாமியார் சொன்னார். தண்ணீர் சரியில்லை. டாக்டர் இந்த வாரம் ஊன்றுகோலை விட்டுவிடலாம் என்கிறார். வரும் வெள்ளிக்கிழமை ரயிலுக்கு ஊருக்குப் போகிறார். போகும் முன் மருமகன் மனம் நோகக் கூடாது என்று, இன்னும் ஒரே ஒரு தடவை அந்த ஏரிக்குப் போய்விட்டு வரலாம், நாளைக்குப் பொது விடுமுறைதானே என்றார். மகள் சண்டை போடவில்லை. அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பாத்திரம் கழுவினாள்.

மறுநாள் காலை, கண்ணாடிக் கடை அரைநாள் திறந்திருந்ததால் மகள் வேலைக்குப் போய்விட்டாள். மாமியாரும் மருமகனும் ஏரிக்குப் போனார்கள். வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தார்கள். சுருட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்தில், வேண்டாவெறுப்பாக, ஒரே ஒரு கெளுத்தி கடித்தது. இழுப்பதற்குக்கூட அதற்குத் தெம்பில்லை. மூட்டை மாதிரி வந்து கரையில் கிடந்தது.

வீட்டுக்கு வந்து சமையலறைத் தொட்டியில் பழைய பேப்பரை விரித்தார் மாமியார். கெளுத்திக்குச் செதில் கிடையாது, தோலைப் பிடித்து இழுத்து உரிக்க வேண்டும். அதற்கு லிஃப்ட்காரரின் நல்ல பிளையரைத்தான் முதல் இரண்டு மீனுக்கும் எடுத்துக்கொண்டார். அவரும் வாயைத் திறக்காமல் கொடுத்துவிட்டு வேறுபக்கம் பார்த்தார். இன்றைக்கு மாமியார் தோலில் கைவைக்கவில்லை. வயிற்றை அழுத்திப் பார்த்தார். இன்னொரு தடவை அழுத்தினார். பிறகு கத்தியை எடுத்து வயிற்றைக் கீறினார்.

உள்ளே ஈரல். துண்டு துண்டாக, ஒன்றுக்கொன்று அளவு பிசகாமல், அளவுகோல் வைத்து வெட்டியதுபோல. மாமியார் அவற்றை எடுத்துப் பேப்பரில் வரிசையாக வைத்துக்கொண்டே போனார். பாதி வரிசையில் நிறுத்திவிட்டு மருமகனைத் திரும்பிப் பார்த்தார்.

லிஃப்ட்காரருக்கு ஓடி ஒளிய இடமில்லை. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்: கறிக்கடை, தினம் காலையில், இரட்டிப்பாக்கியது, குடல் சேர்த்தது. சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. இங்கே நல்ல தண்ணீர் இருக்கிறது என்று ஆகிவிட்டால் அத்தை இருந்துவிடுவார் என்று நினைத்ததாகச் சொல்லி முடித்தார்.

மாமியார் திரும்பி மீனைப் பார்த்தார். அப்புறம் அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. சத்தமில்லாமல் சிரித்தார், தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மாப்பிள்ளைக்கு விருந்து வெச்சுக் கேள்விப்பட்டிருக்கேன். மாப்பிள்ளையே கெளுத்திக்கு விருந்து வெச்சு இப்பதான் பாக்கறேன். வயிறு முட்டத் தின்னுட்டுத் தூங்குது, என் ஒத்தப் புழுவுக்கு அது எதுக்கு எழுந்து வரணும்?"

லிஃப்ட்காரருக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் வெள்ளிக்கிழமை ரயில் நினைவுக்கு வந்து பாதியில் நின்றுவிட்டது. அதைப் பார்த்ததும் மாமியாரும் சிரிப்பை நிறுத்தினார். கத்தியைக் கீழே வைத்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நல்ல இடம் எனக்கு வந்த முதல் வாரமே தெரியும்."

அவருக்குப் புரியவில்லை. மாமியார் ஈரக் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, நிதானமாக விளக்கினார். கால் பயிற்சிக் கூடத்துக்குப் பின்பக்கம் ஒரு பெரிய ஜன்னல். அதற்கு வெளியே ஆறு திரும்புகிறது. கொதிகலன் அறைச் சுவரைத் தாண்டி, சாய்ந்து விழுந்த மரத்துக்கு அடியில், கறுத்த தண்ணீர். காலைத் தூக்குங்கள், இறக்குங்கள் என்று பயிற்சி கொடுக்கிற பெண் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஒரு தடியான ஆள் அங்கிருந்து ஒரு கை நீளக் கெளுத்தியைத் தூக்கினான். போன வாரமும் பார்த்தார், அதற்கு முன்னாலும் பார்த்தார். இந்தப் பக்கம் பெஞ்சில் மருமகன் அதே கூடத்தின் சுவரில் சாய்ந்துகொண்டு போனில் ஏரி தேடிக்கொண்டிருந்ததும் அவருக்குத் தெரியும்.

"அப்ப ஏன் அத்தை சொல்லலை?"

"சொன்னா இங்கயே இருக்கணுமே. போறதுக்கு ஒரு சாக்கு வேணாமா எனக்கு?"

மாமியார் கையைப் பார்த்தபடி பேசினார். மகள் வீடு என்று பேர், ஆனால் இரண்டு பேர் வாழும் வீடு. பெற்றவளுக்குப் பெண் பாரமில்லை, பெண்ணுக்கும் அம்மா பாரமாக மாட்டாள். நடுவில் மருமகன் ஒருவர் இருக்கிறார், அவர் வாயைத் திறந்து எதுவும் சொல்வதில்லை. வாயைத் திறக்காதவர் மனத்தில் என்ன இருக்கும் என்று நினைத்து நினைத்து, அன்றைக்கு ஈரத்தரையில் கிடந்ததைவிட இங்கே கட்டிலில் படுத்திருப்பது கஷ்டமாக இருந்தது என்றார்.

லிஃப்ட்காரருக்கு அழுகை வந்தது. வந்ததை மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"எனக்குப் பேச வராது அத்தை. நீங்க போகக் கூடாது. அவளுக்காக மட்டும் சொல்லலை."

மாமியார் குரலைத் தாழ்த்தி, வீட்டில் வேறு யாரும் இல்லாதபோதும் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சொல்லத் தொடங்கினார். ஆஸ்பத்திரி முன்வாசல் வழியாகப் போகக் கூடாது. சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்குப் பின்னால் ஒற்றையடிப் பாதை இருக்கிறது. மரத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் முகத்தில் அடிக்கும், அந்தப் பக்கம் போய்விட வேண்டும். அங்கே இரண்டு நாற்காலி போட இடம் உண்டு, ஜன்னலிலிருந்தே அளந்து வைத்திருக்கிறார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. உங்க பொண்டாட்டிகிட்டகூட."

அந்த நேரம் பார்த்துப் பொண்டாட்டி உள்ளே வந்தாள். கைப்பையைக் கழற்றி மாட்டக்கூட இல்லை. சமையலறை வாசலில் நின்று, பேப்பரில் வரிசையாக இருந்த ஈரலையும், அழுத கண்ணோடு நின்ற கணவனையும், அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன ஆச்சு என்று கேட்கப் பயந்தவள்போல நின்றாள்.

"அத்தை இங்கயேதான் இருக்கப் போறாங்க" என்றார் லிஃப்ட்காரர்.

அவள் நம்பவில்லை. அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையாட்டினார். கெளுத்தி கிடைத்துவிட்டதா, எங்கே கிடைத்தது என்று அவள் கேட்டாள். மாமியாரும் மருமகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆத்துப் பக்கம்" என்றார் லிஃப்ட்காரர், கண்ணை இமைக்காமல்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு முழுசாக வருவதற்குள் முகம் கோணியது. நேராக வந்து அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். மாமியாரின் இரு கையிலும் மீன் வழவழப்பு, ரத்தம், ஈரல். மகளைத் தொட முடியாமல் கைகளை மேலே தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

"தள்ளிப் போடி. நாத்தம் அடிக்கும்."

"அடிக்கட்டும்மா" என்று மகள் இன்னும் அழுத்தமாகச் சாய்ந்துகொண்டாள்.

மாமியார் தூக்கிய கைகளோடு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, இனிமேல் என்ன என்பதுபோல, இரண்டு கைகளையும் இறக்கி மகளின் தலைமேல் வைத்துக்கொண்டார்.